நடுவில் மாதம் இல்லாத படிப்பு

நேற்று அப்பாவின் உப்பளத் தொழிலாளர் அட்டையை லேமினேட் செய்வதற்காக மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். மழைக்கால உதவித்தொகை வாங்கும்போது காட்ட வேண்டிய அட்டை. அப்பா அதை இடுப்பில் செருகிக்கொண்டே பாத்தியில் இறங்கிவிடுவார். உப்புத் தண்ணீர் பட்டுப்பட்டு அவர் பெயரில் பாதி எழுத்து போய்விட்டது. கடைக்காரர் அதை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மெஷினில் செருகினார். மறுபக்கம் அது மெதுவாக வெளியே வந்தபோது சூடான பிளாஸ்டிக் வாசனை எழுந்தது. என்னால் கையை நீட்டி அதை வாங்க முடியவில்லை. கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு, சுடுதாம்மா, கொஞ்சம் ஆறட்டுமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

அந்த வாசனைக்கும் உனக்கும் என்ன சம்பந்தம் என்று உனக்குத் தெரியாது. அந்தக் கடையில் என் சர்ட்டிபிகேட் லேமினேட் ஆன நாளில் நீ ஊரில் இல்லை. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன். இல்லாவிட்டால் தெரியாததைச் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

பிளஸ் டூ முடித்த அந்த மே மாதத்தில் நீதான் அந்தப் படிப்பைக் கண்டுபிடித்தாய். பாண்டிச்சேரியில் ஒரு கல்லூரியில் ஐந்து வருட எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். பி.எஸ்சி. மூன்று வருடம், அதற்குப் பிறகு தனியாக விண்ணப்பம் போட்டு எம்.எஸ்சி. இரண்டு வருடம் என்று பிரித்துப் படிக்காமல், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்ட படிப்பு. எனக்கு அது புரியவே இல்லை. எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போகிற முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர்கள். மூன்று வருடமே எங்களுக்கு நீளம். அஞ்சு வருஷம் எதுக்குடி என்று உன்னைக் கேட்டேன்.

நீ உன் அக்காவைப் பற்றிச் சொன்னாய். அவள் பி.காம். முடித்து எம்.காம். சேர விண்ணப்பப் படிவம் வாங்கி வைத்திருந்தவள். கடைசிப் பரீட்சைக்கும் விண்ணப்பம் கொடுக்கும் தேதிக்கும் நடுவில் ஒன்றரை மாதம் இருந்தது. அதற்குள் பெண் பார்க்க வந்தார்கள், நிச்சயம் நடந்தது, வைகாசியில் கல்யாணமும் முடிந்துவிட்டது. யாரும் அவளை அடிக்கவில்லை, அறையில் வைத்துப் பூட்டவில்லை. படிப்புதான் முடிஞ்சிடுச்சே, இப்ப பாக்காம எப்ப பாக்கறது என்று உன் அம்மா சாதாரணமாகச் சொன்னார்கள். உன் அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. திண்டிவனம் ரோட்டில் இருந்த சிமென்ட் கடையை உன் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கைகளைக் கரை சேர்த்த பிறகுதான் தனக்கு என்று அவரும் காத்திருந்தார்.

"இதுல அந்த மாசமே கிடையாதுடி ஜெசி," என்றாய். "மூணாவது வருஷம் முடிஞ்ச உடனே நாலாவது ஆரம்பிச்சுடும். எங்கம்மா உள்ள பூர்றதுக்கு இடமே இருக்காது."

ஆனால் இடம் இருந்தது. கல்லூரி கொடுத்த கையேட்டில் ஒரு பக்கத்தில் நான்கே வரிகளில் போட்டிருந்தார்கள். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் விரும்புகிறவர்கள் பி.எஸ்சி. பட்டத்தோடு வெளியேறலாம் என்று. சேர்க்கை முடிந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை முதலில் படித்தது நான். உன்னிடம் காட்டினேன். நீ ஒருமுறை படித்தாய், பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் தையல் ஓரமாகச் சுத்தமாகக் கிழித்து, உருட்டி, ஜன்னல் வழியாக வெளியே விட்டாய். வீட்டில் நீ சொல்லப்போவது என்னவென்று அப்போதே முடிவு செய்துவிட்டிருந்தாய். இது ஒரே படிப்பு, அஞ்சு வருஷம் முழுசா முடிச்சாத்தான் பட்டம், நடுவுல விட்டா ஒரு காகிதம்கூடக் கிடைக்காது. என்னைத் திரும்பிப் பார்த்து, யாராவது கேட்டா நீயும் இதையேதான் சொல்லணும் என்றாய். நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

மூன்று வருடம் ஒரே பஸ்ஸில் போனோம், வந்தோம். காலை ஏழு மணி வண்டியில் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட் நம்முடையது. மாலையில் திரும்பும்போது உட்கார இடம் கிடைக்காது. பொம்மையார்பாளையத்தில் கொஞ்சம் கூட்டம் இறங்கும். அதுவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு நடத்தியதை எனக்கு இன்னொரு தடவை நடத்துவாய். வகுப்பில் எனக்கு ஏறாதது பஸ்ஸில் ஏறியது. முதல் இரண்டு வருடம் நான் பாஸ் ஆனதெல்லாம் அந்தக் கம்பியைப் பிடித்து நின்றபடி கேட்டதால்தான். நம் ஊர் எல்லை வந்ததும் ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளம் வெள்ளையாக விரியும். எங்கம்மா எங்கேயாவது பாத்தியில் நிற்கிறாளா என்று எனக்கு முன்னால் நீ தேடுவாய். தூரத்தில் எல்லாப் பெண்களும் ஒன்று போலத்தான் தெரிவார்கள். ஆனாலும் யாராவது ஒருத்தியைக் காட்டி, அதோ உங்கம்மா என்பாய்.

மூன்றாவது வருடத்தில் ஒரு வசதி கொடுத்தார்கள். நன்றாகப் படிக்கிறவர்கள் நாலாம் வருட எம்.எஸ்சி. பேப்பர் ஒன்றிரண்டை முன்கூட்டியே எடுத்துப் படிக்கலாம். அப்படி எடுத்தால் கடைசி செமஸ்டர் முழுக்கக் காலியாகும், வெளியூர் கம்பெனியிலோ ஆராய்ச்சிக்கூடத்திலோ போய் புராஜெக்ட் செய்யலாம். நீ உடனே பெயர் கொடுத்தாய். நீ கொடுத்ததால் நானும் கொடுத்தேன். கம்பைலர் என்று ஒரு பேப்பர். நாம் எழுதும் புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற பாஷையில் மாற்றித்தருவது எப்படி வேலை செய்கிறது என்பதும், அப்படி ஒன்றை நாமே எழுதுவதும்தான் அதில் பாடம். நம்மைவிட ஒரு வருடம் மூத்தவர்களோடு உட்கார வேண்டும். முதல் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது நீ சிரித்துக்கொண்டிருந்தாய். எனக்கு அதில் பாதிகூடப் புரிந்திருக்கவில்லை.

நீ எழுதிய கம்பைலரை இன்னும் அந்தத் துறையில் பேசுகிறார்கள். புரோகிராமில் தப்பு இருந்தால் அது இங்கிலீஷில் திட்டாது, நம்ம ஊர் பேச்சில் சொல்லும். "ஏழாவது வரியில அடைப்புக்குறியைத் தொறந்து வெச்சுட்டு அப்படியே போயிட்டீங்க. மூடிட்டு வாங்க." அந்தப் பேப்பரை நடத்திய மேடம் அதை லேபில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்து, பக்கத்து அறையிலிருந்த மற்ற ஆசிரியர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். எதுக்குடி ங்க போட்டுப் பேசுது என்று நான் கேட்டேன். தப்பு பண்ணவங்களுக்கு ஏற்கெனவே கஷ்டமா இருக்கும், மெஷினும் டி போட்டுப் பேசணுமா என்றாய். அன்றைக்கு மேடம் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, கடைசி செமஸ்டருக்குப் பெங்களூரில் தனக்குத் தெரிந்த ஆராய்ச்சிக்கூடத்தில் உன்னைச் சேர்த்துவிடுவதாகச் சொன்னார்கள். நீ அதை எனக்குச் சொன்னபோது என் கையைப் பிடித்திருந்தாய். உன் கை ஜில்லென்று இருந்தது.

அந்தப் பேப்பரில் நான் ஃபெயில். நீ முதல் மதிப்பெண்.

அந்த வருடம் உப்பு வார ஆரம்பித்த நேரத்தில் காலம் தப்பி மழை பெய்தது. பாத்தியெல்லாம் கரைந்து, எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை இல்லாமல் போனது. அப்பாவின் பாதத்தில் இருந்த வெடிப்பு புண்ணாகி அவரால் செருப்பே போட முடியவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனி பி.எஸ்சி. முடித்தவர்களைச் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு எடுக்கிறது என்று தெரிந்ததும் நான் வெளியேறுவதற்கான படிவத்தை வாங்கினேன். எல்லோருக்கும் சொன்ன காரணம் அதுதான், பொய்யும் இல்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. நாலாம் வருடம் முழுக்க அந்தக் கம்பைலர் பேப்பரைப் போலத்தான் இருக்கும், நீ முன்னால் போய்க்கொண்டே இருப்பாய், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. பொறாமை என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. வேறு சொல்லும் கிடைக்கவில்லை.

நான் சொன்னதும், ஒரு செமஸ்டர் மட்டும் இரு, நான் சொல்லித்தர்றேன் என்றாய். பிறகு, நீ போயிட்டா பஸ்ல நான் யாரோட வர்றது என்றாய். நான் முடிவு செய்துவிட்டேன் என்று தெரிந்த பிறகுதான் கடைசியாக அதைக் கேட்டாய்.

"வேலைக்குப் போறேன்னு மட்டும் எங்க வீட்ல சொல்லு. பட்டம் வாங்கிட்டேன்னு சொல்லிடாத. அது தெரிஞ்சா அவ்ளோதான் எனக்கு."

சரி என்றேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. நீ என்ன கேட்கிறாய் என்று நன்றாகப் புரிந்துதான் சரி என்றேன்.

இனி உனக்குத் தெரியாதது.

ஜூன் கடைசியில் எனக்குப் புரொவிஷனல் சர்ட்டிபிகேட் வந்தது. பஸ் ஸ்டாண்டு கடையில் அதை லேமினேட் செய்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம். உறையில் இருந்த சூடு ஆறுவதற்குள் அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, லட்டு வாங்கி, முதலில் மாதா கோயிலுக்குப் போனேன், பிறகு உன் வீட்டுக்குப் போனேன். நாலாம் வருடத்துக்குப் பதிவு செய்ய நீ அன்றைக்குக் கல்லூரிக்குப் போயிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வேலை கிடைத்ததைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். இதை நம்பு என்று உன்னைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்படி நினைத்துத்தான் போனேன்.

உன் அம்மா என்னைச் சோபாவில் உட்கார வைத்து காபி போட்டுக் கொடுத்தார்கள். உன் அண்ணன் கடையிலிருந்து சாப்பிட வந்திருந்தார். வேலை கிடைத்தது என்றேன். உன் அம்மா லட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். அது இரக்கம்தான். கெட்ட எண்ணம் துளிகூட இல்லை.

"வேலை வந்ததெல்லாம் சரிம்மா. ஆனா மூணு வருஷம் கஷ்டப்பட்டுப் படிச்சுட்டு இப்படி ஒண்ணும் இல்லாமப் பண்ணிட்டியே. எங்க பொண்ணு சொல்லும், உனக்குப் படிப்பு ஏறலைன்னு. அதுக்காக நடுவுல விட்டுடறதா?"

நீ அப்படிச் சொன்னாயா, எந்த அர்த்தத்தில் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. எனக்காக வருத்தப்பட்டுச் சொல்லியிருப்பாய். அந்த நேரத்தில் எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. முகம் எரிந்தது. பையைத் திறந்து, கவரிலிருந்து சர்ட்டிபிகேட்டை எடுத்து, உன் அம்மா கையில் கொடுத்தேன். ஒண்ணும் இல்லாம இல்லம்மா, பி.எஸ்சி. குடுத்திருக்காங்க என்றேன். உன் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். உன் அண்ணன் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, அதை வாங்கி, நின்றபடியே முழுக்கப் படித்தார்.

"இது எல்லாருக்கும் குடுப்பாங்களா?"

"மூணு வருஷம் முடிச்சவங்க யார் கேட்டாலும் குடுப்பாங்கண்ணா."

அவர் கேட்டதற்கு மேலும் நான் சொன்னேன். யார் கேட்டாலும் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவர் சர்ட்டிபிகேட்டைப் பத்திரமாகக் கவரில் போட்டு, என்னிடம் நீட்டி, வாழ்த்துக்கள்மா என்றார். நான் காபியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன்.

அன்று சாயங்காலம் போனில் கூப்பிட்டாய். இன்னைக்கு வீட்டுக்கு வந்தியா என்று கேட்டாய். ஆமாம் என்றேன். சரி என்று வைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. உன்னை யாரும் திட்டவில்லையாம். உன் அம்மா மட்டும் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லையாம். உன் அண்ணனே உன்னைக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வெளியேறும் படிவத்தை வாங்கினார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மேடம் உன்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, உண்மையில் உனக்கு விருப்பம்தானா என்று கேட்டிருக்கிறார்கள். நானே கேட்டுத்தான் மேடம் என்று சொன்னாயாம். இதை மேடம் எனக்கு ரொம்ப நாள் கழித்துச் சொன்னார்கள். அந்தக் கதவு சாத்தியிருந்த ஐந்து நிமிடத்தில் நீ ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். வெளியே உன் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பார். மேடம் அவரைக் கூப்பிட்டுக் கேட்டால் நீ வீட்டில் சொன்ன பொய்யும் வெளியே வரும், அவரைப் பத்து பேர் முன்னால் பொய்க்காரியின் அண்ணன் ஆக்க உனக்கு மனம் வந்திருக்காது.

ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை திண்டிவனத்தில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கெட்டவர் இல்லை. படிக்கணும்னா அப்புறம் படிக்கட்டும் என்று நிச்சயத்தில் சொன்னார், கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. மேடை ஏறி உன் பக்கத்தில் போட்டோவுக்கு நின்றபோது நீ என் காதில் என்ன சொல்லப்போகிறாய் என்று பயந்துகொண்டிருந்தேன். சாப்ட்டுட்டுப் போ என்றாய். அவ்வளவுதான். எங்கப்பா, எங்கம்மா, நான், மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஒரு வருடத்துக்கு மேல் நீ பேசவில்லை, நானும் பேசவில்லை. பிறகு ஒரு மத்தியான நேரத்தில், நான் ஆபீஸில் சாப்பிட உட்கார்ந்தபோது உன் போன் வந்தது. நலமா என்றுகூடக் கேட்கவில்லை. வெளியே போனவங்க ரெண்டு வருஷத்துக்குள்ள நாலாம் வருஷத்துல திரும்பச் சேரலாமாம், காலேஜ் வெப்சைட்ல போட்டிருக்கான் என்றாய். டிசம்பருக்குள் படிவம் கொடுத்தால் ஜூனில் சேரலாம். நீ மாசமாக இருந்தாய். நவம்பரில் பிரசவம், ஜூனில் குழந்தைக்கு ஏழு மாதம் ஆகியிருக்கும். எல்லாக் கணக்கும் போட்டு வைத்திருந்தாய். இந்த ஒரு வருடத்தில் மத்தியானம் வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு போனிலேயே பாடம் படித்திருக்கிறாய். முதல் எம்.எஸ்சி. பேப்பர் ஏற்கெனவே முடித்ததால் உனக்கு மற்றவர்களைவிட ஒன்று குறைவு. அதைக்கூட மறக்காமல் சொன்னாய்.

"நீயும் சேருடி," என்றாய். "உனக்கும் அதே ரெண்டு வருஷம்தான். ரெண்டு ஃபாரமா வாங்கிடு."

வாங்கினேன்.

வளைகாப்பு முடிந்து நீ மரக்காணத்துக்கு வந்த மறு வாரம் படிவங்களை எடுத்துக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேன். அந்த வீட்டுக்கு அன்றைக்குப் பிறகு அப்போதுதான் வருகிறேன். கை நிறையக் கண்ணாடி வளையல், கால் வீங்கியிருந்தது, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். நீ திரும்பச் சேரப்போவது உன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. புள்ளைய நான் பாத்துக்கறேன், இந்தத் தடவை முடிச்சுடட்டும் என்று அவர்களே என்னிடம் சொன்னார்கள். மாப்பிள்ளையிடம் பேசி ஒத்துக்கொள்ள வைத்ததும் அவர்கள்தானாம். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்கள்.

நாம் இரண்டு படிவத்தையும் எழுதி முடித்தோம். படிப்பை இடையில் நிறுத்திய காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதறது என்று கேட்டாய். குடும்பச் சூழ்நிலைன்னு எழுது என்றேன். இரண்டு பேரும் அதையே எழுதினோம். கையெழுத்துப் போட்ட பிறகு பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டு கேட்டாய்.

"அன்னைக்கு நீ வந்தப்ப, நான் சொல்லி வெச்சிருந்தது உனக்கு மறந்துபோச்சு, இல்ல?"

"ஆமா," என்றேன். "சுத்தமா மறந்துபோச்சு."

"எனக்குத் தெரியும். நீ வேணும்னு சொல்லியிருக்க மாட்ட."

என் முட்டியில் கையை வைத்தாய், வளையல் சத்தம் கேட்டது. உள்ளே உன் அம்மா டீ எடுத்துக்கொண்டு வரும் சத்தமும் கேட்டது. இன்னும் இரண்டு நிமிடம் கிடைத்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். டீ குடித்த பிறகு ஒரு மணி நேரம் இருந்தேன். சொல்லவில்லை.

நவம்பரில் விடாத மழை. உப்பளம் முழுக்க ஏரி மாதிரி கிடந்தது. காலையில் உனக்கு மரக்காணத்திலேயே பெண் குழந்தை பிறந்தது என்று உன் அண்ணன் போன் செய்தார். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு போன் வந்தது. ரத்தம் நிற்கவில்லை, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வருகிறோம், உனக்கும் அவளோட பிளட் குரூப்தானே என்று என்னைக் கேட்டார். ஆபீஸிலிருந்து அப்படியே ஓடினேன். வாசலில் நனைந்துகொண்டு நின்றேன். ஆம்புலன்ஸ் வந்து நின்று, கதவு திறந்து, உன் அண்ணன் முதலில் இறங்கினார். அவர் அவசரப்படவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. படியில் உட்கார்ந்துகொண்டு, பொம்மையார்பாளையம் வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் வந்தா என்றார். என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை. இதுவரைக்கும் கேட்கவில்லை.

சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. அப்பா போய்வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியும். மழையில் விறகு பிடிக்கவில்லையாம். அப்பாவும் அவரோடு வேலை செய்கிறவர்களும் உப்புக் குவியலை மூடி வைக்கும் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு போய், நாலு பேர் நாலு பக்கம் பிடித்துக்கொண்டு, தீ நன்றாகப் பிடிக்கும்வரை நின்றிருக்கிறார்கள். அப்பா வீட்டுக்கு வந்து, புண் ஆறாத காலை மடக்கி உட்கார்ந்தார். நல்லா படிக்கிற பொண்ணு என்று மட்டும் சொன்னார்.

டிசம்பரில் கடைசித் தேதி அன்று இரண்டு படிவங்களையும் எடுத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது உன்னுடையதைக் கொடுக்க முடியாது, என்னுடையதை மட்டும் கொடுக்கவும் கை வரவில்லை. கிளார்க் என்னம்மா வேணும் என்று கேட்டார். ஒண்ணும் இல்ல சார் என்று விலகி, பின்னால் நின்றவருக்கு வழி விட்டேன். இன்றைக்கும் நான் பி.எஸ்சி. தான். ஆபீஸில் யாராவது மேலே ஏன் படிக்கவில்லை என்று கேட்டால், நேரம் கிடைக்கலை என்கிறேன்.

உன் முதல் வருடத் திதிக்கு வந்தேன். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு உன் அம்மா தரையில் உட்கார்ந்து குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். திடீரென்று அவர்களே ஆரம்பித்தார்கள். "நீ உண்மையைத்தான் சொன்ன. உன்மேல என்ன இருக்கு. எங்கிட்ட பொய் சொன்னாத்தான் படிக்க முடியும்னு எம்பொண்ணு நெனைக்கிற மாதிரி நான் இருந்திருக்கேன் பாரு, அதான் எனக்குத் தாங்கலை."

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாது என்று நீ கேட்டுக்கொண்டதை, நான் சரி என்றதை, அன்றைக்குச் சோபாவில் எனக்கு முகம் எரிந்ததை, எல்லாம். உன் அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"இத அவகிட்ட சொன்னியா?"

"இல்லம்மா. அவளே கேட்டா. மறந்துட்டேன்னு சொல்லிட்டேன்."

"நம்பினாளா?"

"நம்பினா."

உன் அம்மா ஒரு சின்னச் சட்டையை மடியில் வைத்துத் தடவித் தடவி நேராக்கினார்கள். "அப்ப அவளுக்கு அது போதும்," என்றார்கள். "கொஞ்ச நாளைக்கு நீ இங்க வராதம்மா." கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே குழந்தை எழுந்து அழுதது, எழுந்து போனார்கள். நான் கதவை நானே சாத்திக்கொண்டு வந்தேன்.

அது ஆகி இரண்டு வருடம். உன் மகளை எப்போதாவது தூரத்தில் பார்க்கிறேன். உன் அண்ணன் வண்டியில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப்போகிறார். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். உன் அம்மா அவரிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

நீ நம்பினாய் என்று உன் அம்மாவிடம் உறுதியாகச் சொன்னேன். ஆனால் எனக்கு அது உறுதியாகத் தெரியாது. கேள்வியைக் கேட்டபோதே பதிலையும் நீயே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாய். நான் யோசிக்காமல் வாங்கிக்கொண்டேன். தெரிந்துகொண்டே கொடுத்தாயா, தெரியாமல் கொடுத்தாயா என்று இனிமேல் யாரிடம் கேட்பது? எதுவாக இருந்தாலும் நீ கேட்டது ஒரு கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லவே இல்லை.

மறக்கவில்லை. உன் அம்மா லட்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காக இரக்கப்பட்டபோது, நீ சொல்லியிருந்தது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் பையைத் திறந்தேன்.